மைக்ரேனுக்கு எத்தனை சதவீதம்? அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் கேள்விகள்

கேள்வி: மாதத்துக்கு நாலைந்து முறை மைக்ரேன் வருகிறது. கடுமையான வலி என்று டாக்டரே எழுதிக் கொடுத்தும் விஏ (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் துறை) ஊன மதிப்பீடாக 10 சதவீதம்தான் தந்தது. ஏன்?

வலி எவ்வளவு என்று விஏ அளப்பதில்லை. அது உங்களைப் படுக்கையில் தள்ளுகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை தள்ளுகிறது, இவ்வளவுதான் கணக்கு. 8100 என்ற எண்ணில் வரும் விதிப்படி, கடந்த சில மாதங்களின் சராசரியில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அப்படி முடங்கினால் 10, மாதம் ஒருமுறை என்றால் 30, மிக அடிக்கடி வந்து நீண்ட நேரம் முழுசாக முடக்கிப்போட்டு பிழைப்பையே கடுமையாகப் பாதித்தால் 50. அதற்கு மேல் மைக்ரேனுக்குக் கிடையாது. உங்கள் டாக்டர் கடிதத்தில் வலி இருக்கிறது, நீங்கள் படுத்த கதை இல்லை. எத்தனை மணி நேரம் இருட்டறையில் கிடந்தீர்கள், வாந்தி எடுத்தீர்களா, வேலையைப் பாதியில் விட்டு வந்தீர்களா என்று தேதி போட்டு எழுதி வையுங்கள், மனைவியும் கூட வேலை பார்ப்பவரும் கண்ணால் பார்த்ததை 21-10210 என்ற சாட்சிப் படிவத்தில் எழுதித் தரட்டும். ஆறு மாத டைரியை ஒரே ராத்திரியில் எழுதிவிடாதீர்கள், பார்த்தாலே தெரியும்.

கேள்வி: என் கணவர் இன்னும் வேலைக்குப் போகிறார். அவருக்கு 50 கிடைக்கவே கிடைக்காதா?

கிடைக்கலாம் அம்மா. பியர்ஸ் எதிர் பிரின்சிப்பி வழக்கில் 2004-லேயே நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது: பிழைப்பைக் கெடுக்கக்கூடிய அளவுக்கு நோய் இருந்தாலே போதும், வேலை போயிருக்க வேண்டும் என்றில்லை. வேலையே செய்ய முடியாதவர்களுக்கு டிஐயூ என்று தனி வழி இருக்கிறதே! எடுத்த நோய்விடுப்பு, சம்பளம் பிடித்த சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி: விஏ அனுப்பும் மருத்துவப் பரிசோதனை நாளில் தலைவலி இல்லையென்றால்?

பரவாயில்லை. ஆனால் "எப்படி இருக்கீங்க" என்று கேட்டதும் பழக்கதோஷத்தில் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடாதீர்கள். மோசமான நாள் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள், கூட்டாமல் குறைக்காமல்.

கேள்வி: பிடிஎஸ்டிக்கு (பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பு) 70 இருக்கிறது. மைக்ரேனுக்கு 50 வந்தால் 100-ஐத் தாண்டிவிடுமா?

விஏ கணக்கில் அப்படிக் கூட்ட மாட்டார்கள். 70 போக மிச்சம் 30, அதில் பாதி 15, ஆக 85, அதை 90 ஆக்குவார்கள். அப்புறம், பிடிஎஸ்டியால்தான் மைக்ரேன் வந்தது அல்லது அதிகமானது என்று கேட்கவும் வழி உண்டு. அதற்கு டாக்டரின் கருத்து வேண்டும், வாய்ப்பு குறைந்தது பாதிக்குப் பாதியாவது என்று காரணத்தோடு எழுதியிருக்க வேண்டும். காரணம் சொல்லாத ஒற்றை வரிக் கடிதத்துக்குப் பெரிய மதிப்பு இல்லை.

கேள்வி: விஏ முடிவு வந்து பத்து மாதம் ஆகிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

ஒரு வருடக் கெடுவில் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இந்த வாரமே செய்யுங்கள். புதிய ஆதாரம் இருந்தால் துணைக் கோரிக்கை, இருந்த ஆதாரத்தையே தப்பாகப் பார்த்துவிட்டார்கள் என்றால் மேல்நிலை மறுபரிசீலனை, இதில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. துணைக் கோரிக்கையை ஒரு வருடம் கழித்தும் போடலாம்தான், ஆனால் பழைய தேதியிலிருந்து வரவேண்டிய நிலுவைப் பணம் பெரும்பாலும் போய்விடும்.