முதலாளியே இல்லாதவர்களுக்குச் சங்கமா?

வணக்கம். புதுச்சேரி மருத்துவமனைகளில் பிரெஞ்சு பேசும் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கும் 9 பேர் நீங்கள். காத்திருக்கும் நேரத்துக்கு, வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி காசு தருவதில்லை, முதலாளி என்று யாரும் இல்லாத நமக்கெல்லாம் சங்கம் வைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வைக்கலாம். பதிவுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 7 பேர் வேண்டும். அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா பதியப் போனபோதும் இதே இடக்குதான்: முதலாளி இல்லையே, யாரோடு பேசுவீர்கள்? கடைசியில் 1972இல் பதிவு கிடைத்தது. ஆனால் பதிவு வேறு, பேரம் பேசும் உரிமை வேறு. சான்றிதழைக் காட்டியதும் ஏஜென்சி பேச வந்துவிடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒப்பந்த முறையில் வேலை செய்யும் மருத்துவ மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்த உரிமை கிடைக்க 2010இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

சங்கம் என்றாலே கொடி, கோஷம் என்று உங்களில் ஒதுங்கும் இருவரைக் கோபிக்காதீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன் (1936இல் 12 மில் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்ற இதே புதுச்சேரியில் பிறந்துவிட்டு!). ஒருநாள் ஸ்கேன் அறை வாசலில் டோக்கனோடு மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். உள்ளே பேசியது 10 நிமிடம். பில்லில் ஏறியதும் அதேதான்.

சரி, இன்றைக்கே ஆளுக்கொரு நோட்டு போடுங்கள்: வரச் சொன்ன நேரம், உள்ளே கூப்பிட்ட நேரம், கிடைத்த தொகை. ஏஜென்சி அனுப்பும் வாட்ஸ்அப் தகவல்களை அழிக்காதீர்கள். அப்புறம் தொழிலாளர் துறைக்குப் போகலாம்.