கூலிக்குப் பேரம் பேசும் பூத வேட்டைக்காரன்

அன்புள்ள ஐயா,

அண்ணன் மகன் கொடுத்தானே என்று 'தி லாஸ்ட் விஷ்' சிறுகதைத் தொகுப்பை எடுத்தேன். காசு வாங்கிக்கொண்டு பூதங்களை வேட்டையாடும் கெரால்ட் என்பவனின் கதைகள். முதலில் நல்ல சண்டை இருந்தது. அப்புறம் ஆளாளுக்கு உட்கார்ந்து பேசுகிறார்கள், கூலிக்குப் பேரம் வேறு. எனக்கு வயது ஐம்பத்தாறு. இது கேம் ஆடுகிற பிள்ளைகளுக்கான புத்தகமா, இல்லை நான்தான் தப்பாகப் படிக்கிறேனா? பாதியில் நிற்கிறேன்.

வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

நானும் உங்களைப் போலத்தான் ஏமாந்தேன். புதுச்சேரியிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் பேருந்தில் அதைப் படித்துக்கொண்டு வந்தேன். தவளக்குப்பத்தில் ஆரம்பித்த கதை, பெண்ணையாற்றுப் பாலம் வந்தும் ஒருத்தரும் கத்தியை உருவவில்லை. கடுப்பாகிவிட்டது.

தீமைகளில் சின்னது எது என்று கேட்கிற அந்தக் கதையை வீட்டில் மறுபடி எடுத்தேன். தொடக்கத்தைப் பாருங்கள். கெரால்ட் ஒரு ஜந்துவைக் கொன்று, கழுதைமேல் ஏற்றி, மூடிக்கொண்டு ஊருக்குள் வருகிறான். சிலந்தி போன்ற உடம்பு, காய்ந்த கறுப்புத் தோல், ஊசிப் பற்கள். ஊர்த்தலைவர் பழைய நண்பர்தான். ஆனாலும் இதற்கு நாங்கள் பரிசு எதுவும் அறிவிக்கவில்லையே என்று கைவிரிக்கிறார். உங்கள் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள், ஏலத்துக்கு ஆளில்லாத மீனைக் கூடையில் வைத்துக்கொண்டு நிற்கிறவரை. அந்த நிலைமைதான் இவனுக்கும். பிள்ளைகள் காணாமல்போகிற சதுப்பில் இருந்த ஜந்து அது. இருந்தும் கூலி கிடையாது.

அதே ஊரில் ஒரு மந்திரவாதி, ஒரு பெண்ணைக் கொல்லச் சொல்கிறான். அவள் பிறவியிலேயே கொடியவளாம். அவளோ மந்திரவாதியைக் கொல்லச் சொல்கிறாள். அவள் தன் கதையைச் சொல்லும்போது கவனியுங்கள்: மாற்றாந்தாய், காட்டுக்குக் கூட்டிப்போன வேட்டைக்காரன், கூட ஏழு பேர். ஆமாம், தேவதைக் கதையில் வரும் ஸ்நோ ஒயிட்தான். கொள்ளைக்கூட்டத் தலைவியாகிவிட்ட ஸ்நோ ஒயிட். கெரால்டுக்கு வாளெடுத்து வெட்டுவது பெரிய வேலை இல்லை. எதிரில் நிற்பது பூதமா இல்லையா என்று முடிவு செய்வதில்தான் திணறுகிறான். அதற்குத்தான் அத்தனை பேச்சு.

அழகியும் மிருகமும் கதையும் இதில் உண்டு. மிருகமாகிவிட்டவனின் மாளிகைக்கு வியாபாரிகள் தங்கள் பெண்களைக் கொண்டுவந்து ஒரு வருஷத்துக்கு விட்டுவிட்டுப் பணம் வாங்கிப்போகிறார்கள். எது மிருகம் என்று அங்கேயே ஒரு கேள்வி எழுகிறது, சண்டை வருவதற்கு வெகு முன்னால்.

பேரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. இந்தப் புத்தகத்தை எழுதிய போலந்துக்காரர் சப்கோவ்ஸ்கி, எழுத வருமுன் விற்பனை வேலை பார்த்தவர். 1986-ல் ஒரு பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பிய கதையில்தான் கெரால்ட் பிறந்தான். மூன்றாம் பரிசு! அந்தக் கதையிலேயே சாபம் தீர்க்க மூவாயிரம் காசு என்று தொகை பேசிவிடுகிறார்கள். நம் ராஜா ராணிக் கதைகளில் பாதி ராஜ்ஜியமும் இளவரசியும் சும்மா வந்துவிடும். இவனுக்கு ரசீது தராத குறைதான்.

இடையிடையே கெரால்ட் காயம் ஆறப் படுத்திருக்கும் கோயில் பகுதிகள் வரும். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். விக்கிரமாதித்தன் முருங்கை மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிற மாதிரி, கதைகளைக் கோக்கும் நூல் அதுதான்.

பழைய கதையைத் திருப்பிப்போடுவது உங்கள் ஊருக்குப் புதிதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்த புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் அகலிகையை என்ன செய்தார்? சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று கேட்டதும் அவளை மறுபடியும் கல்லாக்கிவிட்டார். அதை ரசித்தவருக்குக் கொள்ளைக்காரி ஸ்நோ ஒயிட் சின்னப்பிள்ளை விஷயமாகத் தெரியாது. சப்கோவ்ஸ்கியை அவருக்குச் சமமாக வைக்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். புதுமைப்பித்தன் பத்துப் பக்கத்தில் முடிப்பதற்கு இவருக்கு நாற்பது வேண்டியிருக்கிறது, நடுவில் கொஞ்சம் வளவளப்பும் உண்டு.

சரி, மீதியைப் படியுங்கள். பதிலுக்கு அண்ணன் மகனிடம் 'சாப விமோசன'த்தைக் கொடுங்கள். அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று எழுதுங்கள்.