"எவ்ளோ வாங்குன?" – வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே சப்ஜெக்ட், ஆன்லைன்ல நடக்கற அரசியல் சண்டை. சரி மத்ததெல்லாம் அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு இதையே எடுத்துக்கிட்டேன். கேட்டவங்க பேர், ஊர் எதுவும் போடல. பேரப் பாத்தே எந்தக் கட்சின்னு கண்டுபிடிக்கற ஆளுங்க நம்ம கூட்டத்துலயே இருக்காங்க.

கே: எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல சித்தப்பா ஒரு அரசியல் ஃபார்வர்ட் போட்டார். அது பொய்னு தெரியும், அதனால ஒரு லிங்க் போட்டு "சித்தப்பா, இது ஃபேக்"னு எழுதினேன், கூட ஒரு ஸ்மைலி, அவ்ளோதான். "நேத்துப் பொறந்தவ எனக்கு அரசியல் சொல்லித் தர்றியா"ன்னு ஆரம்பிச்சு எங்கப்பா வரைக்கும் இழுத்துட்டார். இப்ப ரெண்டு வீட்டுக்கும் பேச்சே இல்ல. உண்மையச் சொன்னது தப்பா சார்?

ப: உண்மை தப்பில்லம்மா, சொன்ன இடம்தான் தப்பு. நீங்க சித்தப்பாகிட்ட பேசறதா நினைச்சீங்க. அவருக்கு அது அப்படித் தெரியல, மச்சான், மருமகன், பேரப்பிள்ளைங்கன்னு குரூப்ல இருக்கற அத்தனை பேர் முன்னாடியும் அண்ணன் பொண்ணு தன்னை முட்டாளாக்கிட்டான்னுதான் பட்டிருக்கும். அதுக்கப்புறம் அவர் எழுதுன ஒரு வரிகூட உங்களுக்கு எழுதுனது இல்ல, அந்த கேலரிக்கு எழுதுனது. நீங்களும் ரெண்டாவது பதில்லேர்ந்து கேலரிக்குத்தான் எழுதியிருப்பீங்க, யோசிச்சுப் பாருங்க.

அந்த ஸ்மைலி விஷயத்துக்கு வருவோம். 1982ல அமெரிக்காவுல கார்னகி மெலன் யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர்ல ஆளாளுக்கு கிண்டலா எழுதறத மத்தவங்க சீரியஸா எடுத்துக்கிட்டு தகராறு பண்ணதால, ஸ்காட் ஃபால்மன்ங்கறவர் ரெண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு பிராக்கெட் போட்டு "இது ஜோக்"னு அடையாளம் வைக்கலாம்னு சொன்னார். சண்டைய நிறுத்த வந்த பொம்மை அது. இன்னிக்கு வாக்குவாதத்துல கடைசியா ஒரு சிரிக்கற பொம்மை போட்டுப் பாருங்க, திட்டுனதை விட அதுக்குத்தான் ஜாஸ்தி கோவம் வரும்.

2005ல ஜஸ்டின் க்ரூகர்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரோட டீமும் ஒரு டெஸ்ட் வச்சாங்க. சில வாக்கியத்தை கிண்டலாவும் சிலதை சீரியஸாவும் அனுப்பணும், வாங்கறவங்க எது எதுன்னு சொல்லணும். குரல்ல சொன்னப்ப 73 சதவீதம் சரியா சொன்னாங்க. இமெயில்ல 56தான், காசு சுண்டிப் போட்டாலே 50 வந்துடும். ஆனா அனுப்புனவங்க இமெயில்லயும் 78 சதவீதம் புரிஞ்சிடும்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. நாம எழுதும்போது நம்ம மண்டைக்குள்ள நம்ம குரல் கேக்குது, படிக்கறவருக்கு அவரோட அன்னிக்கு மூடுதான் கேக்கும்.

அதனால ஃபோன் பண்ணுங்க, டைப் பண்ணாதீங்க. மொத கால்ல ஃபார்வர்ட் பேச்சே எடுக்க வேணாம், உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டுட்டு வச்சிடுங்க. ரெண்டாவதோ மூணாவதோ பேசறப்ப "அது யார் சித்தப்பா அனுப்பினது?"ன்னு மட்டும் கேளுங்க, அவரா ஒருத்தர் பேரச் சொல்லி "அவன் எப்பவுமே இப்படித்தான் எதையாவது அனுப்புவான்"னு இறங்கி வர ஒரு படி வேணும்ல, அதை நீங்க போட்டுக் குடுக்கணும். அடுத்த தடவை எதாவது ஃபேக் வந்தா தனி மெசேஜ். குரூப்ல வேணாம்.

கே: முகம் தெரியாத தைரியத்துலதானே இப்படி அசிங்கமா பேசறாங்க? எல்லாருக்கும் ஐடி ப்ரூஃப் கட்டாயம்னு கொண்டு வந்தா ஒரே நாள்ல சரியாயிடாதா?

ப: செஞ்சு பாத்துட்டாங்க சார். தென் கொரியா 2007ல பெரிய வெப்சைட்டுகள்ல எழுதறவங்க நிஜ அடையாளத்தை நிரூபிக்கணும்னு சட்டம் கொண்டு வந்துச்சு. வசவு நின்னுடல. அதுக்குப் பதிலா கம்பெனிகள்கிட்ட மலை மாதிரி ஜனங்களோட விவரம் சேந்துது, 2011ல நேட், சைவேர்ல்டுங்கற ரெண்டு சைட்டுலேர்ந்து சுமார் 3.5 கோடி பேரோட விவரத்தை ஹேக்கருங்க அள்ளிட்டுப் போனாங்க. 2012 ஆகஸ்ட்ல அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தையே தூக்கிடுச்சு.

முகமூடி ஒரு காரணம்தான், இல்லன்னு சொல்லல. ஜான் சூலர்னு ஒரு சைக்காலஜிஸ்ட் 2004லயே இதப் பத்தி எழுதினார், ஆன்லைன்ல நமக்கு ஏன் கட்டு அவுந்துடுதுன்னு. அவர் சொன்ன காரணங்கள்ல பேர் தெரியாம இருக்கறது ஒண்ணு, அதோட எதிராளி மூஞ்சி வாடறது நம்ம கண்ணுக்குத் தெரியாம இருக்கறது, திட்டிட்டு ஃபோனை கவுத்து வச்சிட்டுப் போயிட முடியறது, இதெல்லாமும் சேத்தி. நிஜப் பேர், குழந்தையோட எடுத்த ஃபோட்டோ, கம்பெனி பேர் எல்லாம் ப்ரொஃபைல்ல வச்சுக்கிட்டே கெட்ட வார்த்தைல திட்டறவங்களை நீங்க பாத்ததே இல்லையா? நான் தினம் பாக்கறேன்.

இன்னொண்ணு, 2022ல அலெக்சாண்டர் போர், மைக்கேல் பேங் பீட்டர்சன்னு ரெண்டு பேர் அமெரிக்கா, டென்மார்க் ஆளுங்களை வச்சு பண்ண ஆய்வுல என்ன வந்துச்சுன்னா, நல்லவங்க ஆன்லைன் போனதும் பேய் ஆகறதில்ல, அங்க அரசியல் பேசி வம்பு பண்றவங்க நேர்லயும் அதே வம்புக்காரங்கதான். முன்னாடி அவர் கத்துனா பக்கத்துல நிக்கற நாலு பேருக்குக் கேக்கும், இப்ப நாலாயிரம் பேருக்குக் கேக்குது.

கே: நடுநிலைன்னு சொன்னாலே ரெண்டு பக்கமும் சேந்து அடிக்கறாங்களே, ஏன்?

ப: ரெண்டு டீமுக்கும் பொதுவா கிடைக்கற ஒரே பந்து நீங்கதான். அதுவும் போக, நடுநிலைன்னு போர்டு மாட்டிக்கிட்டு ஒரு பக்கத்துக்கு மட்டும் முட்டு குடுக்கற ஆளுங்க அந்த வார்த்தையவே கெடுத்து வச்சிருக்காங்க. போர்டை எடுத்துட்டு விஷயத்தை மட்டும் பேசிப் பாருங்க.

கே: நான் ஒரு கமெண்ட்கூட போடமாட்டேன். ஆனா மத்தவங்க சண்டை போடறத நைட்டு ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து படிக்கறேன், அப்புறம் தூக்கம் வரமாட்டேங்குது. இது வியாதியா?

ப: நீங்கதான் அந்த கேலரி. டிக்கெட் வாங்குன மனுஷன், உங்களுக்குத்தான் ஷோவே நடக்குது.

வியாதியான்னா, உங்க மேல மட்டும் பழி போட மாட்டேன். ஃபேஸ்புக் 2017ல ஒரு லைக்குக்கு ஒரு மார்க்குன்னா ரியாக்‌ஷன் எமோஜிக்கு அஞ்சு மார்க்குன்னு கணக்கு வச்சு, எந்த போஸ்ட்டை மேல காட்டறதுன்னு முடிவு பண்ணுச்சு. அதுல அந்த செவந்த கோவ முகமும் அடக்கம். அதாவது நீங்க சும்மா லைக் போட்ட விஷயத்தை விட உங்க வயித்தெரிச்சலைக் கிளப்புற விஷயத்துக்கு அஞ்சு மடங்கு மரியாதை. கோவ முகம் விழுந்த போஸ்ட்டுல பொய்யும் வன்மமும் ஜாஸ்தி இருக்குன்னு அவங்க ஆளுங்களே கண்டுபிடிச்சு, 2020ல அதோட மார்க்கை ஜீரோவாக்கினாங்க. பிரான்சிஸ் ஹாகன்ங்கற முன்னாள் ஊழியர் 2021ல வெளிய கொண்டுவந்த ஆவணங்கள்லேர்ந்து இதெல்லாம் ஊருக்குத் தெரிஞ்சுது.

அதே 2021ல வந்த இன்னொரு ஆய்வு, அமெரிக்க மீடியாவும் எம்பிக்களும் ஃபேஸ்புக், ட்விட்டர்ல போட்ட 27 லட்சம் போஸ்ட்டை எடுத்துக்கிட்டுப் பாத்தாங்க. எதிர் கட்சியைப் பத்தி ஒவ்வொரு வார்த்தை கூடக்கூட ஷேர் ஆகற வாய்ப்பு 67 சதவீதம் ஏறுது. சொந்தக் கட்சிய எவ்ளோ புகழ்ந்தாலும் அந்த அளவு ஓடல. எழுதறவனுக்கு இது புள்ளிவிவரமா தெரியலன்னாலும் கைக்குத் தெரியும், ஒரு தடவை அந்தப் பக்கத்தை ஓட்டி எழுதி நோட்டிஃபிகேஷன் மழையா கொட்டுனா அடுத்த தடவை கை தானா அங்கதான் போகும்.

நைட்டு ஃபோனை வேற ரூம்ல சார்ஜ் போடுங்க. வேற ஐடியா என்கிட்டயும் இல்ல.

கே: எல்லாம் சரி சார், ஆனா அந்தக் கட்சிக்காரங்க நிஜமாவே மோசமானவங்கதானே? எங்காளுங்க பேசறதுக்கும் அவங்க பேசறதுக்கும் வித்தியாசம் இல்லையா?

ப: எந்தக் கட்சின்னு நீங்க எழுதவே இல்ல, கவனிச்சீங்களா? ரெண்டு பக்கத்துலேர்ந்தும் இதே கேள்வி எழுத்து மாறாம வந்திருக்கு.

ஹென்றி தாஜ்ஃபெல்னு ஒருத்தர். போலந்துல பொறந்த யூதர், ரெண்டாம் உலகப் போர்ல பிரெஞ்சு ராணுவத்துல சேந்து ஜெர்மன்காரங்ககிட்ட கைதியா மாட்டி உயிர் பொழைச்சு வெளிய வந்தா, குடும்பத்துல கிட்டத்தட்ட எல்லாரையும் கொன்னுட்டாங்க. மனுஷன் எப்படி இன்னொரு கூட்டத்தை வெறுக்கறான்னு தெரிஞ்சுக்கறதுக்கே பின்னாடி சைக்காலஜில இறங்கினார். இங்கிலாந்துல பிரிஸ்டல் பக்கம் 14, 15 வயசுப் பசங்களைக் கூப்ட்டு ஸ்க்ரீன்ல புள்ளிகளைக் காட்டி எத்தனைன்னு சொல்லச் சொன்னார், நீ கூட சொல்ற குரூப்பு, நீ கம்மியா சொல்ற குரூப்புன்னு பிரிச்சார். அதுவும் சும்மா, நிஜத்துல குருட்டாம்போக்குல பிரிச்சது. பக்கத்துல இருக்கறவன் எந்த குரூப்புன்னுகூட தெரியாது. அப்புறம் மத்தவங்களுக்குக் காசு பிரிச்சுக் குடுங்கன்னார்.

பசங்க சொந்த குரூப்புக்கு ஜாஸ்தி குடுத்தாங்க, அது எதிர்பாத்ததுதான். எனக்குத் திக்குன்னு ஆனது அடுத்த டெஸ்ட், அதுல வேற பசங்களை எந்த ஓவியரோட படம் பிடிக்குதுன்னு கேட்டுப் பிரிக்கற மாதிரி பிரிச்சார். நம்ம குரூப்புக்கு மொத்தமா கொஞ்சம் குறைஞ்சாலும் பரவால்ல, அந்த குரூப்பை விட நமக்கு எவ்ளோ கூட வருதுங்கற இடைவெளிதான் முக்கியம்னு நிறைய பேர் தேர்ந்தெடுத்தாங்க. புள்ளிக்கும் ஓவியத்துக்குமே இப்படின்னா கொடி, பாட்டு, தலைவர் படம் எல்லாம் சேந்தா எப்படி இருக்கும்?

கட்சிகளுக்குள்ள வித்தியாசம் இல்லன்னு நான் சொல்ல வரல, நிச்சயம் இருக்கு, கொள்கைய வச்சு கடுமையா விமர்சனம் பண்ணுங்க, அதுக்குத்தான் அரசியலே. ஆனா அமெரிக்காவுல 1960ல உங்க பிள்ளை எதிர் கட்சிக்காரங்க வீட்டுல கல்யாணம் பண்ணா வருத்தப்படுவீங்களான்னு கேட்டதுக்கு ரெண்டு கட்சிலயும் சுமார் 5 சதவீதம் பேர்தான் ஆமான்னாங்க. 2010ல குடியரசுக் கட்சில கிட்டத்தட்ட பாதிப் பேர், ஜனநாயகக் கட்சில மூணுல ஒருத்தர் ஆமான்னாங்க. வரி எவ்ளோ போடணும்ங்கற சண்டை, சம்பந்தியா யார் வரலாம்ங்கற வரைக்கும் வந்துடுச்சு.

கே: ஃபேக் ஐடிங்க கண்டபடி எழுதறாங்க. பதில் சொல்லாம விட்டா ஜெயிச்சிட்டோம்னு நினைச்சுக்க மாட்டாங்களா?

ப: அந்த ஐடி யாருன்னே தெரியாம அது ஜெயிச்சா என்ன தோத்தா என்ன. 2016 மே மாசம் அமெரிக்காவுல ஹூஸ்டன் நகரத்துல ஒரு இஸ்லாமிய மையத்துக்கு வெளிய ரெண்டு கூட்டம் எதிரெதிரா நின்னு கோஷம் போட்டுச்சு. ஒரு கூட்டத்தைக் கூப்ட்டது ஒரு ஃபேஸ்புக் பேஜ், எதிர்க் கூட்டத்தைக் கூப்ட்டது இன்னொரு பேஜ். ரெண்டு பேஜையும் நடத்துனது ரஷ்யாவுல ஒரே ஆஃபீஸ். அந்த ஆஃபீஸ்ல இருந்தவங்களுக்கு யார் ஜெயிச்சாலும் கவலை இல்ல. ரோட்டுல நின்ன ஜனங்கதான் நிஜம்.

ஒரே ஒரு தடவை, மத்தவங்க படிக்கறதுக்காக, சரியான தகவலைப் போடுங்க. ரெண்டாவது பதில் வேணாம். "எவ்ளோ வாங்குன?"ன்னு வந்துடுச்சுன்னா அங்க விஷயம் முடிஞ்சுது, அது கேள்வியே இல்ல, பதில் தீந்துபோனவன் வைக்கற முற்றுப்புள்ளி.

கே: நான் பொண்ணு. அரசியல் எழுதினா கருத்துக்குப் பதில் வராது, உடம்பைப் பத்தி வரும், ரேப் பண்ணுவேன்னு வரும். எல்லாரும் "கண்டுக்காத"ங்கறாங்க.

ப: கண்டுக்காதன்னு நான் சொல்ல மாட்டேன். மேல நான் பேசினதெல்லாம் நாகரிகமில்லாத பேச்சு, இது மிரட்டல், குற்றம். ரெண்டையும் ஒரே கூடைல போட்டு "ஆன்லைன்னா அப்படித்தான்"னு சொல்றது சொல்றவங்களுக்கு சௌகரியம், அவ்ளோதான். 2016ல நாடாளுமன்றங்களுக்கான சர்வதேச ஒன்றியம் 39 நாடுகள்ல 55 பெண் எம்பிக்கள்கிட்ட பேசுனப்ப, கொலை, ரேப், அடி, கடத்தல்னு ஏதாவது ஒரு மிரட்டல் வந்ததா 44 சதவீதம் பேர் சொன்னாங்க. பதவில இருக்கறவங்களுக்கே இந்த நிலைமை.

டிலீட் பண்ணிடாதீங்க. ஸ்க்ரீன்ஷாட்ல தேதி, நேரம், அந்த ஐடி எல்லாம் தெரியணும், ப்ரொஃபைலோட லிங்க்கைத் தனியா காப்பி பண்ணி வைங்க, ஏன்னா பேரை ஒரு நிமிஷத்துல மாத்திடுவாங்க. அந்த ஆப்லயே ரிப்போர்ட் பண்ணுங்க, அப்புறம் போலீஸ். நம்பிக்கையான ஒருத்தரை விட்டு மத்த கமெண்ட்டையெல்லாம் படிக்கச் சொல்லுங்க, எல்லாத்தையும் நீங்களே படிக்கணும்னு இல்ல. கூட இருக்கற ஆம்பளை ஃப்ரெண்டுங்க இன்பாக்ஸ்ல வந்து "ஸ்ட்ராங்கா இருங்க"ன்னு சொல்றதோட நிறுத்தாம, அந்தப் போஸ்ட்டுக்கு அடியிலயே வந்து வாயத் திறந்தா நல்லது.

கே: இவ்ளோ பேசறீங்களே, நீங்க எத்தனை பேரை பிளாக் பண்ணிருக்கீங்க?

ப: இந்தக் கேள்வி வந்ததும் லிஸ்ட்டை எடுத்துப் பாத்தேன். 31 பேர். நாலு பேர் அசிங்கமா எழுதுனவங்க, நல்லா ஞாபகம் இருக்கு. 26 பேரை எதுக்கு பிளாக் பண்ணேன்னே தெரியல, அன்னிக்கு யாராவது வீட்டுல திட்டியிருப்பாங்க. மிச்சம் ஒருத்தரோட கமெண்ட்டைத் தேடிப் பிடிச்சுப் படிச்சேன். ஒரு தேர்தல் நடந்த வருஷத்தை நான் தப்பா எழுதியிருக்கேன், அவர் "சார், அந்த வருஷம் இல்ல"ன்னு சரியான வருஷத்தைப் போட்டிருக்கார். அதுக்கு நான் "உங்க தலைவர்கிட்ட கேட்டுட்டு வாங்க"ன்னு எழுதி, 112 லைக் வாங்கி, ஆளையும் பிளாக் பண்ணிருக்கேன்.

அவர் சொன்ன வருஷம்தான் சரி. அன்பிளாக் பண்ணி அவர் பக்கத்தைப் போய்ப் பாத்தேன், இப்பல்லாம் அரசியலே எழுதறதில்ல போல, பூரா பூனை ஃபோட்டோ. ஒரு படத்துக்கு லைக் போட்டேன். இன்னும் ஒண்ணும் சொல்லல.