நேரமே இல்லாத மாணவர்கள் படிப்பில் கவனத்தை நிறுத்துவது எப்படி?

வகுப்பு, டியூஷன், விளையாட்டுப் பயிற்சி எல்லாம் போக இரவில் ஒன்றரை மணி நேரம்தான் மிஞ்சுகிறது, அதிலும் மனம் ஒரு இடத்தில் நிற்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றரை மணி நேரம் உண்மையில் குறைவே இல்லை. அதில் பெரும்பகுதி வீணாவது படிக்கும்போது அல்ல, படிக்கத் தொடங்கும்போதுதான். இன்று எந்தப் பாடம், போன முறை எங்கே விட்டோம், அந்த நோட்டு எங்கே என்று யோசிக்கும் முதல் பத்து நிமிடத்தில்தான் கை தானாக ஃபோனுக்குப் போகும். அதனால் அந்தப் பத்து நிமிடத்தை முதலில் ஒழிக்க வேண்டும். அதைச் செய்யவேண்டிய நேரம், முந்தின நாள் புத்தகத்தை மூடும் முன்.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு துண்டுச்சீட்டில் எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து என்ன என்று எழுதி, அந்தப் பக்கத்திலேயே வைத்து மூடுங்கள். "இயற்பியல் படிக்க வேண்டும்" என்று எழுதினால் பயன் இல்லை. "சாய்தளம், 7ஆவது கணக்கு. உராய்வு விசை கண்டுபிடித்தாயிற்று. அடுத்து நிகர விசை, பிறகு முடுக்கம்" என்று இருக்க வேண்டும். மறுநாள் உட்கார்ந்ததும் யோசிக்காமல் பேனாவை எடுக்க வைப்பதுதான் சீட்டின் வேலை.

இதற்கு இன்னொரு பலனும் உண்டு. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், மனதின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். எங்கே விட்டோம், திரும்பி வந்து என்ன செய்வோம் என்று குறித்து வைத்தால் அந்தப் பாதிப்பு குறைகிறது என்பது, அவரும் சக ஆய்வாளர் தெரேசா குளோம்பும் 2018இல் கண்டது. டியூஷனிலிருந்து நேராக வேறு பாடத்துக்குத் தாவுகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

ஃபோனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சைலன்ட் போதாது, கவிழ்த்து வைப்பதும் போதாது. எழுந்து போய்த்தான் எடுக்க முடியும் என்கிற தூரத்தில், வேறு அறையில் இருக்கட்டும். டைமருக்காக அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். சாதாரணக் கடிகாரமே போதும். பாடமே ஃபோனில்தான் இருக்கிறது என்றால், தேவையான பக்கங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு இணையத்தை அணைத்துவிடுங்கள்.

25 நிமிடம் படி, 5 நிமிடம் ஓய்வெடு என்கிற பொமொடோரோ முறையை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரிலோ உருவாக்கியது. மனப்பாடத்துக்கும், பிடிக்காத பாடத்தில் இறங்குவதற்கும் நல்லது. ஆனால் கணக்குக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். நீளமான கணக்கில் சூடு பிடிக்கவே பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். அது பிடிபடும் நேரத்தில் மணி அடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். உங்கள் ஒன்றரை மணி நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள்: முதல் 45 நிமிடம் கடினமான பாடம், 10 நிமிடம் ஓய்வு, 30 நிமிடம் எழுத்து வேலை அல்லது திருப்புதல், கடைசி 5 நிமிடம் சீட்டு. ஓய்வில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். குறு வீடியோ மட்டும் வேண்டாம்; அதற்கு முடிவு என்று ஒன்று இல்லாததால் பத்து நிமிடம் அரை மணி ஆகிவிடும்.

படிக்கும் நடுவில் "அந்தப் பணம் கட்ட வேண்டுமே", "அவனுக்குப் பதில் அனுப்பவில்லையே" என்று ஏதாவது எட்டிப் பார்க்கும். அதை அடக்கப் போராடாமல், பக்கத்தில் ஒரு வெற்றுத்தாளில் மூன்றே சொல்லில் குறித்துவிட்டுத் தொடருங்கள்.

கண் வரிகளில் ஓட, மனம் வேறெங்கோ இருக்கிறதா? படிக்கும் முறையை மாற்றுங்கள். ஒரு பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் இருப்பதை எழுதுங்கள். பிறகு திறந்து விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். வெறுமனே திரும்பப் படிப்பது ஐந்து நிமிடம் கழித்து வைக்கும் தேர்வில் ஜெயிக்கிறது, ஒரு வாரம் கழித்து வைத்தால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்துகிறார்கள் என்பது உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு. அதைவிட முக்கியம், எழுதவேண்டும் என்று தெரிந்தால் மனம் அலையாது. வகுப்புகளுக்கு இடையே கிடைக்கும் பத்து நிமிடத்துக்கும் இதுவே சரியான வேலை: நேற்றைய சூத்திரங்களை, வரையறைகளைப் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது. அந்த நேரத்தில் கட்டுரை தொடங்காதீர்கள், பாதியில்தான் நிற்கும்.

தூக்கத்தை வெட்டி நேரம் சேர்க்க வேண்டாம். பதின்ம வயதில் 8 முதல் 10 மணி நேரம் தேவை. அது குறைந்தால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது.

இவ்வளவு செய்தும் ஒரே ஒரு பாடத்தில் மட்டும் மனம் நழுவுகிறது என்றால், சிக்கல் பெரும்பாலும் கவனத்தில் இல்லை. அதற்கு முந்தைய பாடம் பிடிபட்டிருக்காது. பின்னம் தடுமாறினால் இயற்கணிதம் அலுப்பூட்டும். மோல் கணக்கு தெரியாமல் கரைசல்களின் செறிவு ஓடாது. எந்த வரியில் மனம் நழுவுகிறது என்று பென்சிலால் குறியிடுங்கள். இரண்டு மூன்று நாளில் குறிகள் ஒரே இடத்தைச் சுற்றி விழுந்தால், அந்த இடத்துக்கு எது அடிப்படையோ அந்த அத்தியாயத்துக்குப் போய், தீர்த்துக் காட்டிய கணக்குகளை விடையை மறைத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.