கேட்டால் சொல்கிறேன்: வார்டு தேர்தல் கேள்விகள்

(பதில்கள்: கடலூர் நகராட்சியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: ஐயா, 2022-இல் வார்டு தேர்தலில் ஓட்டுப் போட்டேன். மேயர் வேட்பாளர் பெயரே இயந்திரத்தில் இல்லையே, ஏன்?
வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: இருக்காது, அம்மா. பிப்ரவரி 19-ஆம் தேதி நீங்கள் தேர்ந்தெடுத்தது கவுன்சிலரை மட்டும். கடலூர் மாநகராட்சியின் 45 வார்டுகளில் வென்றவர்கள் மார்ச் 4-ஆம் தேதி கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல், கடலூர் இன்னும் நகராட்சியாக இருந்தபோது, அதன் தலைவருக்கு நீங்களே ஓட்டுப் போட்டீர்கள். 2006-இல் அந்த வாய்ப்பு இல்லை. 1996, 2001 இரண்டிலும் இருந்தது. ஆட்சி மாறினால் விதியும் மாறுகிறது. என் ஓட்டு நேரடித் தேர்தலுக்குத்தான். என்றாலும் தலைவர் ஒரு கட்சி, மன்றத்தில் பெரும்பான்மை வேறு கட்சி என்று அமைந்தால் சாக்கடைத் தீர்மானம்கூட நகராது.

கேள்வி: எனக்கு 29 வயது. கவுன்சிலர் தேர்தலில் இதுவரை ஓட்டே போட்டதில்லை. ஏன் இப்படி?
வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் ஊரில் அப்படி ஒரு தேர்தல் நடந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள், தம்பி. 1968-க்குப் பிறகு 38 ஆண்டு கழித்து, நீதிமன்றம் தலையிட்டு, 2006-இல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் அதிகாரிகள்தான் நகராட்சியை நடத்துகிறார்கள். 2021-இல் அறிவிப்பு வந்தது. இட ஒதுக்கீட்டுச் சிக்கல் நீதிமன்றம் போனதும் நின்றுவிட்டது.

சிக்கல் உண்மைதான். ஆனால் காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் 1993-லிருந்து சொல்கிறதே! வேறு ஒரு காரணமும் உண்டு என்பது என் சந்தேகம். புதுச்சேரியில் மொத்தம் சுமார் 10 லட்சம் வாக்காளர்கள், 30 தொகுதிகள். ஒரு தொகுதிக்கு 33 ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலூர் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கும் மேல். உங்கள் எம்.எல்.ஏ.தான் தெருவிளக்குக்கும் வாய்க்கால் அடைப்புக்கும் வந்து நிற்கிறார். அந்த நல்ல பெயரை இன்னொருவரோடு பங்கு போட யாருக்கு மனம் வரும்? கடற்கரைச் சாலையில் உள்ள மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் கால நகராட்சிக் கட்டடம், 2014 மழையில் இடிந்தது. பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டிவிட்டார்கள். உள்ளே உட்கார மன்றம்தான் இல்லை.

அடைப்பு இருந்தால் எம்.எல்.ஏ. அலுவலகத்தோடு நிற்காமல் உழவர்கரை நகராட்சி ஆணையருக்கும் எழுத்தில் கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

கேள்வி: எங்கள் வார்டு பெண் கவுன்சிலருக்குப் பதில் அவர் கணவரே எல்லா இடத்துக்கும் வருகிறார். சரிதானா?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இல்லை. தமிழ்நாட்டில் 2016-இல் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது கணவர்களுக்காக அல்ல. அடுத்த முறை மனுவோடு போகும்போது, "அம்மா வரட்டும், காத்திருக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுங்கள். சங்கடப்படப் போவது நீங்கள் இல்லை.

கேள்வி: என் மகன் அடுத்த முறை சுயேச்சையாக நிற்க ஆசைப்படுகிறான். என்ன வேண்டும்?
வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும், முன்மொழிபவர் அதே வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். சென்ற முறை மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. வென்றால் மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய். சுவரொட்டிக் கடனுக்கே போதாது. இப்போதைய மன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் வீட்டுச் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் இரண்டிலும் பாக்கி இல்லாமல் கட்டி ரசீதுகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மனு பரிசீலனையில் எதிர் வேட்பாளர் முதலில் தோண்டுவது அதைத்தான்.