ஆன் ஆர்பரில் ஃபுட்பால் சீசன்: புதிதாக வரும் மாணவருக்குப் பதில்

கேள்வி இது: "ஆகஸ்ட் கடைசியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் சேர வருகிறேன். சீனியர்கள் எப்போதும் ஃபுட்பால் பேச்சாகவே இருக்கிறார்கள். மாணவர் சீசன் டிக்கெட் வாங்க வேண்டுமா? ஸ்டேடியம் பக்கத்தில் அறை எடுக்கலாமா? ஆட்டமே தெரியாதவனுக்கு இதெல்லாம் எதற்கு?"

தம்பி, இங்கே ஃபுட்பால் என்றால் பந்தைக் கையில் சுமந்து ஓடும் அமெரிக்க ஃபுட்பால். ஆட்டம் பிடிக்காவிட்டாலும் அட்டவணையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.2 லட்சம்; ஸ்டேடியத்தின் கொள்ளளவு 1,07,601. சொந்த ஊர் ஆட்டம் உள்ள சனிக்கிழமையில் பஸ், பார்க்கிங், ஹோட்டல் விலை, சாப்பாட்டுக் கடை வரிசை எல்லாம் அதற்கேற்ப மாறிவிடும். சீசனில் சொந்த ஊரில் நடப்பது 7 அல்லது 8 ஆட்டம். அந்தத் தேதிகளை வந்த வாரமே போன் காலண்டரில் போட்டுவிடுங்கள். வீடு மாற்றுவது, பழைய கட்டில் வாங்கி ஏற்றிவருவது, கான்டன் பக்கம் இந்திய மளிகை வாங்கப் போவது எல்லாம் அணி வெளியூர் போகும் வாரங்களிலோ, ஆட்டமே இல்லாத 'பை வீக்'கிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வருவதென்றாலும் அப்படித்தான். ஆட்ட வாரத்தில் ஹோட்டல்கள் விலையைப் பல மடங்கு ஏற்றுவதோடு, இரண்டு இரவு தங்கினால்தான் அறை என்றும் சொல்லும்.

ஆட்டம் தொடங்கும் நேரத்தை மட்டும் ஆகஸ்டிலேயே நம்பிவிடாதீர்கள். பகல் 12, மாலை 3:30, இரவு 7:30 இவற்றில் எது என்பதை டிவி நிறுவனங்கள் பெரும்பாலும் 12 நாளுக்கு முன், சில சமயம் 6 நாளுக்கு முன்தான் சொல்லும். பகல் 12 என்றால் இந்தியாவில் இரவு 9:30. நவம்பர் முதல் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தைத் திருப்பிய பிறகு 10:30. வீட்டுக்கு வாராந்தர வீடியோ கால் பேசுபவர்கள் இதைக் கணக்கில் கொள்ளவும், ஏனென்றால் ஸ்டேடியத்தைச் சுற்றி அந்த நேரத்தில் நெட்வொர்க் திணறும்.

சீசன் ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரே எண் போதும்: 12. லீக் ஆட்டங்கள் அவ்வளவுதான். செப்டம்பரில் பெரும்பாலும் வெளி அணிகளோடு 3, அதன்பின் 'பிக் டென்' என்ற தங்கள் கூட்டமைப்புக்குள் 9. (பெயரில்தான் பத்து, 2024 முதல் அதில் 18 அணிகள்.) ஐபிஎல்லில் 14 ஆட்டத்தில் ஆறு தோற்றாலும் பிளேஆஃப் கனவு இருக்கும். இங்கே 130-க்கும் மேற்பட்ட அணிகள் போட்டியிடும் இடத்தில், 2023 வரை தேசிய பிளேஆஃபுக்குப் போனது வெறும் நான்கே அணிகள். அதையும் ஒரு தேர்வுக் குழு உட்கார்ந்து முடிவு செய்தது.

அந்த 2023 சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் ஆடியது 15 (12 லீக், பிக் டென் இறுதி ஆட்டம், பிளேஆஃபில் இரண்டு), ஜெயித்தது 15. ஆனால் அது சுலபமாக வந்ததில்லை. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தடைகளால் 12 லீக் ஆட்டங்களில் முதல் மூன்றிலும் கடைசி மூன்றிலும் மைதானத்துக்கே வரவில்லை. பென் ஸ்டேட் அணிக்கு எதிராக இரண்டாம் பாதியில் பந்தை எறியும் பாஸ் ஒன்றுகூடக் கணக்கில் ஏறாமல், பந்தைச் சுமந்து ஓடியே 24-15 என்று முடித்தார்கள். மிச்சிகன் வீரர் பிளேக் கோரம் அந்த சீசனில் ஓடி எடுத்த டச் டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுபோவது) மட்டும் 27. நவம்பர் 25 அன்று பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட் அணி ஆன் ஆர்பருக்கு வந்தபோது இரண்டு அணியும் தோல்வியே காணாதவை. மிச்சிகன் 30-24. அந்த ஒரே தோல்வியில் ஒஹாயோ ஸ்டேட்டின் பட்டக் கனவு முடிந்தது. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் கதை அதைவிடக் கொடுமை: 13 ஆட்டத்தில் 13 வெற்றி, ஆனாலும் குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர்) காயப்பட்டதைக் காரணம் சொல்லி வெளியே நிறுத்திவிட்டார்கள். மிச்சிகன் ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல் என்ற அரையிறுதியில் அலபாமாவை ஓவர்டைமில் 27-20, ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் நடந்த இறுதியில் வாஷிங்டனை 34-13 என்று வென்று பட்டம் எடுத்தது.

அடுத்த ஆண்டே லீக் ஆட்டங்களில் 7 வெற்றி, 5 தோல்வி (7-5). பயிற்சியாளர் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்குக்குப் போனார், குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி உட்பட 13 பேர் ஒரே டிராஃப்டில் (என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) போனார்கள். கல்லூரி அணி என்பது இப்படித்தான் கரையும். வீரர் ஒருவருக்குப் பொதுவாக நான்கே சீசன், நடுவில் வேறு கல்லூரிக்குத் தாவவும் வழி உண்டு. போன வருட பலத்தை வைத்து இந்த வருடம் பேசுபவரை நம்பாதீர்கள். ஆனால் அந்த 7-5 அணி ஒஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸுக்கே போய் அதை 13-10 என்று தோற்கடித்தது. அதற்குள் பிளேஆஃப் 12 அணியாகிவிட்டதால் ஒஹாயோ ஸ்டேட் தப்பித்து உள்ளே நுழைந்து, பட்டமும் வாங்கிவிட்டது. ஒரு தோல்வியின் விலை குறைந்துவிட்டது என்று பழைய ரசிகர்கள் புலம்புவது இதனால்தான். என் கணக்கில் இது நல்லதே. முன்பெல்லாம் அக்டோபரிலேயே பாதி அணிகளுக்கு சீசன் செத்துவிடும்.

டிக்கெட் விஷயத்தில் நான் சொல்வது: நீங்கள் வரும் ஆண்டு ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பாருங்கள். ஒஹாயோ ஸ்டேட் ஆன் ஆர்பருக்கு வருவது ஒற்றைப்படை ஆண்டுகளில், நவம்பர் கடைசியில் வரும் தேங்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த சனிக்கிழமை. அந்த ஆண்டென்றால் மாணவர் சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். அந்த ஒரு ஆட்டத்தை மறுவிற்பனையில் வாங்கும் விலையே பர்ஸைக் காலி செய்யும். மாணவர் டிக்கெட் சீசனுக்கு வெகு முன்பே விற்பனைக்கு வரும், கடைசித் தேதி உண்டு. அட்மிஷன் உறுதியானதும் மின்னஞ்சலைக் கவனியுங்கள். இரட்டைப்படை ஆண்டென்றால் சீசன் டிக்கெட் வேண்டாம். செப்டம்பரில் சின்ன அணியோடு நடக்கும் ஒரு ஆட்டத்துக்கு மறுவிற்பனையில் மலிவாக வாங்கிப் பாருங்கள், பிடித்தால் இன்னொன்று. டிக்கெட் இப்போது போனில்தான். ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன், பணம் போடு என்பவனிடம் ஏமாற வேண்டாம்; ஆப்பில் உங்கள் கணக்குக்கு மாற்றிய பிறகே பணம். டிக்கெட்டை வீட்டிலேயே போன் வாலட்டில் சேமித்துவிடுங்கள், கேட்டில் இணையம் கிடைக்காமல் நிற்பவர்கள் ஏராளம். நீங்கள் மாணவரல்லாத நண்பருக்கு மாணவர் டிக்கெட்டைக் கொடுக்கிறீர்களா, அவர் வித்தியாசத் தொகை கட்ட வேண்டுமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

உள்ளே போகும்போது முதுகுப் பை கூடாது, குடை கூடாது. வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். 15 நிமிட குவார்ட்டர் நான்கு என்றாலும் முழுதாக மூன்றரை மணி நேரம் ஆகும். மாணவர் பகுதியில் யாரும் உட்காரமாட்டார்கள். செப்டம்பரில் வெயில் சுடும், தொப்பியும் சன்ஸ்கிரீனும் போதும். நவம்பரில் குளிர் முதலில் பிடிப்பது பாதங்களைத்தான்: கம்பளி சாக்ஸ், கொஞ்சம் தளர்வான ஷூ, காலடியில் போட ஒரு அட்டைத் துண்டு. இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் விறைக்கும். சைவம் சாப்பிடுபவருக்கு உள்ளே கிடைப்பது பிரெட்செல், பாப்கார்ன், நாச்சோ வகைதான். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஆட்டம் புரிய இவ்வளவு தெரிந்தால் போதும்: நான்கு முயற்சியில் 10 கெஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மீண்டும் நான்கு. எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் (டச் டவுன்) 6 புள்ளி, அதன் பின் உதைத்தால் 1, தூரத்திலிருந்து உதைத்துப் போட்டால் 3. பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள். நம் அணி பந்தை வைத்திருக்கும்போது மட்டும் கத்தாதீர்கள். குவார்ட்டர்பேக்கின் குரல் அவர் அணிக்கே கேட்காது. எதிரணி ஆடும்போது தொண்டை கிழியக் கத்தலாம்.

அறை? ஸ்டேடியத்தை ஒட்டி வேண்டாம். காலை எட்டு மணிக்கே பாட்டு, பார்ட்டி. கார் இருந்தால் இன்னும் தலைவலி: ஆட்ட நாள் நிறுத்தத் தடைப் பலகையைக் கவனிக்காவிட்டால் இழுத்துப் போய்விடுவார்கள், வெள்ளி இரவே நகர்த்திவிடுங்கள். நார்த் கேம்பஸ் பக்கம் எடுத்தால் பல்கலைக்கழகப் பஸ் இலவசம், சனிக்கிழமையும் நிம்மதி. ஆட்ட நாளில் ஐ-94 நெடுஞ்சாலையில் ஸ்டேட் ஸ்ட்ரீட், ஆன் ஆர்பர்-சலீன் வெளியேற்றங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை சில. பார்க்கிங் கொடி பிடிக்கவோ, தண்ணீர் பாட்டில் விற்கவோ கையில் காசு கொடுத்துக் கூப்பிடுவார்கள். அனுமதியில்லாத வேலை அது, நூறு டாலருக்காக விசாவைப் பணயம் வைக்காதீர்கள். டெயில்கேட்டில் (ஆட்டத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் பார்ட்டி) 21 வயது ஆகாதவர் கையில் பீர் கோப்பை இருந்தால் போலீஸ் அபராதச் சீட்டு கொடுக்கும். குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால் விசாவே ரத்தாகலாம். மிச்சிகனில் 2021 முதல் ஆன்லைன் பந்தயம் சட்டப்படி உண்டு, அதுவும் 21 வயதுக்கு மேல். போனஸ் தருகிறோம் என்ற விளம்பரத்தில் மாத வாடகையை விட்டவர்கள் உண்டு, தொடாதீர்கள்.

ஆசிரியர் உதவியாளர் வேலை கிடைத்தால், ஃபுட்பால் வீரர் ஒருவர் வெளியூர் ஆட்டத்துக்கான பயணக் கடிதத்தோடு வந்து தேர்வுக்கு மாற்றுத் தேதி கேட்கலாம். அது வழக்கம்தான், பேராசிரியரிடம் கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். மதிப்பெண்ணில் கை வைக்கச் சொல்லி யாராவது சாடை காட்டினால் மட்டும் உடனே பேராசிரியருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.