பண்டாரவளையில் குளிரும் ஏசி பொத்துவிலில் குளிருமா?

கேள்வி: பண்டாரவளையில் 22 அடி கரவன் ட்ரெய்லர் ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளூர் கராஜில் கட்டியது. பொத்துவில் பக்கம் அறுகம்பே சீசனில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஹயருக்குக் கொடுப்பேன். பின்பக்க ஹோலில் 9,000 பிடியூ (குளிரூட்டும் பலத்தின் அளவு) இன்வேர்ட்டர் ஸ்பிளிட் ஏசி இருக்கிறது. முன்பக்கப் படுக்கையறைக்குக் குளிர் போய்ச் சேரவில்லை என்று போன சீசனில் ஒரே முறைப்பாடு. இப்போது ஒருவர், அமெரிக்கக் கரவன் ஒன்றில் இருந்து கழற்றிய 13,500 பிடியூ கூரை ஏசியை ட்ரான்ஸ்போமரோடு சேர்த்து மலிவாகத் தருகிறேன் என்கிறார். வீட்டு முற்றத்தில் காலையில் ஓட்டியும் காட்டினார். பத்து நிமிடத்தில் கை விறைத்துவிட்டது. என்னிடம் இருப்பது 2,000 வாட் ஜெனரேட்டர். வாங்கலாமா ஐயா?

பதில்: வேண்டாம். கை விறைத்ததை நம்பிக் காசை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஊர் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலைப் பனியில் ஓட்டிக் காட்டினால் எந்த ஏசிதான் குளிராது? ஏசி செய்வதெல்லாம் உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுவதுதான். வெளியே 20 பாகை என்றால் அது சும்மா விளையாட்டு. பொத்துவில் மணலில் மத்தியானம் 33, 34 பாகையில், தகரக் கூரை கொதிக்கும்போது, அதே கம்பிரஸர் திணறும், கரண்டையும் கூடுதலாக இழுக்கும். மலையில் பார்த்த சோதனைக்குக் கடற்கரையில் மதிப்பில்லை.

அடுத்தது ட்ரான்ஸ்போமர். ஏசியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 115 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்றிருக்கும். நமது கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைத்துத் தரும். ஹேர்ட்ஸ், அதாவது கரண்ட் செக்கனுக்கு எத்தனை முறை அலையடிக்கிறது என்ற கணக்கு, அப்படியேதான் இருக்கும். 60க்குச் செய்த மோட்டரை 50இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சுருள் சூடாகும். ஒரு சீசன் தாங்கலாம். கருகினால் அதற்குப் பாகம் தேடி எங்கே போவீர்கள்?

ஜெனரேட்டர் கதை இன்னும் மோசம். அந்தக் கூரை ஏசி ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் அந்தக் கணத்தில் அதைப்போல் பல மடங்கு கேட்கும். 2,000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்ட ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை தொடர்ந்து தருவது 1,600 தான். அது சின்ன எழுத்தில் இருக்கும். போதாததற்கு, உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, 300 மீட்டருக்குச் சுமார் 3 வீதம் எஞ்சின் பலம் குறையும். பண்டாரவளையில் அது 12 வீதம் வரை. நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அங்கே ஏசியே தேவையில்லை என்பது ஒரு ஆறுதல்.

உங்களுக்கு உண்மையில் குறைவது என்ன? இரவில் படுக்கையறைக் குளிர். பகலில் விருந்தாளிகள் கடலில் நிற்கிறார்கள். ஆகவே இருக்கும் ஏசியைப் போலவே 230 வோல்ட் இன்வேர்ட்டர் ஸ்பிளிட் ஒன்றை, 9,000 பிடியூவுக்கு மேல் போகாமல், படுக்கையறைக்குப் போடுங்கள். சின்ன அறைக்குப் பெரிய ஏசி போட்டால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்காது. கடற்கரையில் போர்வை பிசுபிசுக்கும். இன்வேர்ட்டர் மெதுவாகத்தான் கிளம்பும், ஓடும்போது 800 வாட் அளவில் எடுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள்: ஒன்றில் ஹோல், அல்லது படுக்கையறை. இரண்டும் ஒன்றாக ஓடவே முடியாது என்றால் ஜெனரேட்டரும் தப்பும். கெஸ்ட் ஹவுஸ் முற்றத்தில் 13 அம்பியர் பிளக்கில் இருந்து வயர் இழுக்கும் நாளில் அதுவும் தப்பும். அந்தப் பிளக்கின் எல்லை 3,000 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சுவிட்ச் இல்லாமல் இரண்டு ஏசியும் ஓடும்போது விருந்தாளி 2,000 வாட் கேத்தலைப் போட்டால் தேத்தண்ணியும் இல்லை, கரண்டும் இல்லை.

வயரிங் பாஸிடம் புது ஏசிக்குத் தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கேளுங்கள். பழைய வயரில் கொழுவிவிடுவது அவருக்கு லேசு, விடாதீர்கள். வெளி யூனிட்டை முன்பக்க இழுவைத் தண்டில் பூட்டினால் கொக்கியில் பாரம் கூடும். எல்லயில் இருந்து வெல்லவாய இறக்கத்தில் இறங்குகிறவர் நீங்கள், ஆகவே பாரத்தை நிறுத்துப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். அந்த வளைவுகளின் குலுக்கலில் செம்புக் குழாயின் மூட்டுத்தான் முதலில் கசியும். குழாயில் ஒரு வளையம் விட்டு, அடியில் ரப்பர் வைத்தால் பல நாள் தாங்கும். ஜெனரேட்டரைப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே மட்டும் வைத்துவிடாதீர்கள். புகையில் வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகும்.

கடையில் ஒன்றைக் கேளுங்கள்: ட்ரெய்லரில் பூட்டினால் உத்தரவாதம் செல்லுமா? வீட்டு ஏசியை வாகனத்தில் பூட்டினால் கைவிரிக்கும் கடைகள் உண்டு. செல்லும் என்றால் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பற்றுச்சீட்டு தர மறுத்தாலோ, எழுதியதை மீறினாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இதையெல்லாம் செய்வதற்கு முன் கூரைக்கு வெள்ளைப் பூச்சும், வெயில் பக்கத்துக்கு ஒரு படங்கும், படுக்கையறைக் கதவுக்கு மேலே ஒரு சின்ன ஃபேனும் போட்டு, ஒரு நாள் மத்தியானம் மலைக்குக் கீழே சூடான வெல்லவாயவில் நிறுத்திப் பாருங்கள். ஹோலில் இருக்கும் குளிரை ஃபேன் உள்ளே தள்ளிவிட்டால், இரண்டாவது ஏசிக்கு வைத்த காசு கையிலேயே இருக்கும்.